பழைய விளையாட்டும் புதிய மடிக்கணினியும்

மனிதன் இயற்றும் பொருள்களுட் சில, காலத்தால் மூப்பெய்தினும் பயன் குன்றுவதில்லை. நூறாண்டுகளுக்கு முன் அச்சிட்ட நூலொன்றை விரித்தால், தாள் பழுப்பேறியிருப்பினும் எழுத்துகள் படிப்பவனுக்காகக் காத்திருக்கின்றன. கண்ணும் கல்வியும் இருந்தாற் போதும். அந்நூல் உடனே பேசத் தொடங்கிவிடும். கணினிக்கென இயற்றப்பெற்ற விளையாட்டின் நிலை அவ்வாறன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விளையாட்டின் பெட்டி நிறம் மங்காதிருக்கலாம். உள்ளேயிருக்கும் வட்டில் ஒரு கீறலேனும் இல்லாதிருக்கலாம். ஆயினும் இன்றைய மடிக்கணினி அதனைத் தன் விருந்தாளியாக ஏற்க மறுக்கின்றது. இச்செய்நிரல் இக்கணினியில் இயங்காது என்னும் ஒரு வரியைத் திரையிற் காட்டிவிட்டு அமைதியாகிவிடுகின்றது.

ஒரு தந்தையார், தம் இளமையில் ஆடிக் களித்த விளையாட்டொன்றைத் தம் மகளுக்குக் காட்ட விரும்புகின்றார் எனக் கொள்க. மகளின் மடிக்கணினியோ தந்தையாரின் பழைய கணினியைப்போற் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் வாய்ந்தது. யானையைச் சுமக்கவல்ல வண்டி பூனையைச் சுமவாதா என்று அவர் எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வண்டி பூனையை ஏற்றவில்லை. இதன் காரணம் யாது? இதனை வெல்லும் வழி யாது? வெல்வதற்கு இத்துணை முயற்சி எடுத்துக்கொள்வது தகுமா? இம்மூன்று வினாக்களும் ஆராயத் தக்கவை.

பொதுப்படப் பேசுவதினும், ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைத் தொடர்ந்து செல்வது விளக்கத்துக்கு உதவும். ‘பிறின்ஸ் ஒஃப் பேர்சியா’, அதாவது பாரசீக இளவரசன் என்னும் விளையாட்டு அதற்குப் பொருத்தமானது. அதனை இயற்றியவர் ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்கர். யேல் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோதே ‘கராத்தேக்கா’ என்னும் விளையாட்டை ஆக்கி 1984ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பெயர் பெற்றவர் அவர். அடுத்த ஆண்டில் இளவரசன் விளையாட்டைத் தொடங்கினார். பணி முற்றுப்பெற ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சென்றன. 1989ஆம் ஆண்டில் புறோடர்பண்ட் நிறுவனம் அதனை ‘அப்பிள் இரண்டு’ என்னும் கணினிக்கென வெளியிட்டது.

கதை எளியது. அரசன் போர்மேற் சென்றிருக்கும் வேளையில், கொடிய அமைச்சனொருவன் இளவரசியைச் சிறைப்படுத்தி, தன்னை மணக்க உடன்படுதல் அல்லது இறத்தல் என்னும் இரண்டினுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரத் தவணை கொடுக்கின்றான். அவளை நேசித்த இளைஞன் நிலவறையில் அடைக்கப்படுகின்றான். அறுபது நிமிடங்களுக்குள் அவன் நிலவறையினின்றும் மேலேறி, பொறிகளையும் காவலரையும் கடந்து, அவளை மீட்க வேண்டும். இவ்வளவே கதை. ஆயின் அக்காலத்து விளையாட்டுகளில் மனித உருவங்கள் மரப்பாவைபோல் விறைத்து அசைந்தன; இவ்விளைஞனோ மெய்யான மனிதனைப்போல் ஓடினான், தாவினான், விளிம்பைப் பற்றித் தொங்கினான், கால் தவறி விழுந்தான்.

அவன் மெய்யாக ஓடியதற்குக் காரணம், மெய்யான ஒருவன் ஓடியதே. மெக்னர் 1985ஆம் ஆண்டில், பள்ளி மாணவனாயிருந்த தம் இளைய சகோதரன் டேவிட்டுக்கு வெண்ணிற ஆடை அணிவித்து, நியூயோர்க்குக்கு அண்மையிலுள்ள சப்பாக்குவா என்னுமூரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் ஓடவும் தாவவும் செய்து வீடியோக் கமராவிற் பதிவு செய்தார். பின் அப்பதிவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு நிலையையும் நிழற்படமாக்கி, உருவத்தின் எல்லையை மையால் வரைந்து, அவ்வுருவங்களைக் கணினிக்குள் ஏற்றினார். வாட்போருக்கு 1938ஆம் ஆண்டில் வெளிவந்த ‘றொபின் ஹூட்’ திரைப்படத்தின் சண்டைக் காட்சி துணையாயிற்று. விளையாட்டின் இசையை அமைத்தவர் அவருடைய தந்தையார் பிரான்சிஸ் மெக்னர். ஆகவே இவ்விளையாட்டு ஒரு வகையில் ஒரு குடும்பத்தின் கைப்பொருளும் ஆகும்.

பொறியின் குறுமை எவ்வாறு கலையை வடிவமைத்தது என்பதற்கும் இவ்விளையாட்டிற் சான்றுண்டு. அப்பிள் இரண்டின் நினைவகம் 128 கிலோபைற்று அளவினதே. இளவரசனின் அசைவுகளே அதனை நிரப்பிவிட்டமையால், வேறொரு பகைவனின் உருவத்தைச் சேர்க்க இடமிருக்கவில்லை. ஆதலின் மெக்னர், இளவரசனுடைய உருவத்தையே எடுத்து, அதனைச் சிறிது நகர்த்தித் தன்னொடு தானே கழித்து, மின்னும் நிழலுருவாக்கினார். இளவரசன் மாயக் கண்ணாடியொன்றை ஊடுருவிப் பாயும்போது அந்நிழல் வெளிப்பட்டுப் பகைவனாகின்றது. இறுதியில் அதனை வாளால் வெல்லவியலாது. அதனைத் தாக்கும் அடி தன்மேலே விழும். வாளை உறையிலிட்டு, நிழலொடு ஒன்றுபடுவதே வழி. நினைவகத்தின் வறுமையிற் பிறந்த இவ்வுத்தி, விளையாட்டின் உட்பொருளாகவே அமைந்துவிட்டது.

1990ஆம் ஆண்டில் இவ்விளையாட்டு ஐ.பி.எம். வகைக் கணினிகளுக்கென, ‘டொஸ்’ என்னும் பணிசெயல் முறைமையில் இயங்குமாறு மாற்றியமைக்கப்பட்டது. தந்தையாரின் பெட்டியில் இருப்பது அப்பதிப்பே எனக் கொள்க. அதனை இன்றைய மடிக்கணினியில் இயக்க முற்படுபவர் வரிசையாக ஐந்து தடைகளை எதிர்கொள்வார்.

முதலாந் தடை வட்டு. அக்காலத்து விளையாட்டுகள் நெகிழ்வட்டுகளில் விற்கப்பட்டன. இன்றைய மடிக்கணினியில் அவற்றை நுழைக்கும் வாயிலே இல்லை. மூன்றரை அங்குல வட்டாயின், யூ.எஸ்.பி. வாயிலிற் பொருத்தத்தக்க சிறிய வாசிப்புக் கருவிகள் உண்டு. ஐந்தேகால் அங்குல வட்டாயின், பழைய வாசிப்புக் கருவியொன்றைத் தேடிப் பெற்று, அதற்கெனச் சிறப்பாக ஆக்கப்பட்ட இலத்திரனியற் பலகையொன்றின் வழியாகவே படிக்க வேண்டும். வட்டின்மேற் பூசப்பட்ட காந்தப் பூச்சோ ஆண்டுதோறும் வலுக்குன்றி வருவது. ஈரப்பதம் மிகுந்த இடத்திற் பூஞ்சணமும் பற்றும். ஓலையேட்டைச் செல்லரிக்குமுன் பெயர்த்தெழுத வேண்டுமென்று நம் முன்னோர் அறிந்திருந்ததுபோல, வட்டிலுள்ளதையும் காந்தம் மறக்குமுன் பெயர்த்தாக வேண்டும்.

இரண்டாந் தடை மிகப் பெரியது. அது கணினியின் மூளையாகிய முறைவழியாக்கியைப் பற்றியது. இன்ரெல் நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட 8086 என்னும் முறைவழியாக்கி, பதினாறு பிற்றுச் சொற்களாற் பேசியது. பத்து இலட்சம் பைற்றளவான நினைவகத்தை மட்டுமே அதனால் நேரே எட்ட முடிந்தது. அதனுள்ளும் 640 கிலோபைற்றே செய்நிரல்களுக்கு விடப்பட்டது. டொஸ் விளையாட்டுகள் பல இவ்வடிப்படையில் எழுந்தவை. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த 386 என்னும் முறைவழியாக்கி, தன்னுள் ஒரு பகுதியைப் பழைய 8086ஆகப் பாவித்து நடக்கும் திறனைப் பெற்றிருந்தது. விண்டோஸ் முறைமை அத்திறனைப் பயன்படுத்தியே பழைய செய்நிரல்களுக்கு நெடுங்காலம் புகலிடம் அளித்தது. ஆயின் 2003ஆம் ஆண்டு முதல் அறுபத்துநான்கு பிற்று முறைவழியாக்கிகள் புழக்கத்துக்கு வந்தபோது, அவை தம் புதிய நிலையில் இயங்கும் வேளையில் அப்பழைய பாவனைத் திறனைக் கைவிட்டன. அறுபத்துநான்கு பிற்று விண்டோஸும் பதினாறு பிற்றுச் செய்நிரல்களை ஏற்பதை நிறுத்தியது. 2021ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 அறுபத்துநான்கு பிற்று வடிவில் மட்டுமே வெளியானமையால், பழைய வாயில் முற்றாக மூடப்பட்டது. கணினி பழைய மொழியை அறவே மறந்துவிட்டது என்பதன்று. புதிய அரண்மனையில் இருந்துகொண்டு அம்மொழியைப் பேசுவதற்கு அதற்கு அனுமதியில்லை என்பதே உண்மை.

மூன்றாந் தடை வேகம். 1981ஆம் ஆண்டின் முதல் ஐ.பி.எம். தனியாள் கணினியின் துடிப்பு 4.77 மெகாஹேற்ஸ், அதாவது செக்கனுக்கு நாற்பத்தேழு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட துடிப்புகள். இன்றைய மடிக்கணினியோ செக்கனுக்கு முந்நூறு கோடிக்கு மேலும் துடிக்கவல்லது. பழைய செய்நிரலாளர் சிலர், கடிகாரத்தைப் பாராது கணினியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு தம் விளையாட்டுகளை அமைத்தனர். அத்தகைய விளையாட்டு வேகமான பொறியிற் புகுந்ததும், ஆடுபவன் கண்ணிமைக்குமுன் ஆட்டம் முடிந்துவிடும். 1990ஆம் ஆண்டில் வெளியான ‘விங் கொமாண்டர்’ என்னும் விண்போர் விளையாட்டு, பிற்காலப் பொறிகளில் இவ்வாறே கட்டுக்கடங்காது விரைந்தது.

வேகம் செய்நிரலை அடியோடு வீழ்த்திய வரலாறும் உண்டு. ‘ரேர்போ பஸ்கால்’ என்னும் மொழியில் எழுதப்பெற்ற செய்நிரல்கள் பல, தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். ஐம்பத்தைந்து மில்லிசெக்கன் நேரம் ஒரு வட்டத்தைச் சுற்றி, சுற்றுகளின் தொகையை ஐம்பத்தைந்தால் வகுத்து, ஈவைப் பதினாறு பிற்றுச் சிமிழொன்றில் இட்டுவைக்கும். அச்சிமிழ் கொள்ளக்கூடிய பேரெண் 65,535. துடிப்பு 200 மெகாஹேற்ஸை அடுத்த கணினிகள் வந்தபோது ஈவு அதனினும் பெரிதாயிற்று; சிமிழ் நிரம்பி வழிந்தது; செய்நிரல், பூச்சியத்தால் வகுத்த பிழை என்று தவறாகக் கூறிவிட்டு நின்றது. உலகம் இத்துணை விரைவில் இத்துணை வேகமடையும் என்று அச்சிமிழை அமைத்தவர் எண்ணவில்லை. அவரைக் குறைகூறுதல் முறையன்று. வருங்காலத்தின் அளவை அறிந்து பாத்திரம் வனைந்த குயவன் எவனுமில்லை.

நான்காந் தடை கண்ணுக்கும் காதுக்கும் உரியது. அக்காலத்து விளையாட்டுகள் ஒலித்தகட்டோடு இடைத்தரகரின்றி நேரே உரையாடின. சிங்கப்பூரைச் சேர்ந்த கிறியேற்றிவ் நிறுவனம் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலித்தகடு அவற்றுட் புகழ் வாய்ந்தது. இன்றைய மடிக்கணினியில் அத்தகடு பழைய முகவரியில் இல்லை. விளையாட்டு கதவைத் தட்டினும் திறப்பாரில்லை. படத்தின் நிலையும் இத்தகையதே. கிடையாக 320 புள்ளிகளும் நெடுக்காக 200 புள்ளிகளும் கொண்ட அப்படம், நான்குக்கு மூன்று என்னும் வீதமுள்ள கண்ணாடித் திரையை நிரப்புமாறு வரையப்பட்டது. ஆதலின் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தினும் உயரம் மிகுந்திருந்தது. இன்றைய திரையின் புள்ளிகளோ சதுரமானவை. அப்படத்தை அவ்வாறே இங்கே பரப்பினால், இளவரசன் குள்ளனாகவும் பருத்தவனாகவும் தோன்றுவான். 200 வரிகளை 240 வரிகளின் உயரத்துக்கு நீட்டினாலன்றி அவனுடைய மேனி தன் இயல்பை அடைவதில்லை.

ஐந்தாந் தடை பொறியினாலன்றி வணிகத்தால் வந்தது. விளையாட்டைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைத் தடுப்பதற்கென இளவரசன் விளையாட்டில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. முதற் கட்டத்தை முடித்தவுடன் பல குப்பிகள் காட்சியளிக்கும், ஒவ்வொன்றின்மேலும் ஓரெழுத்து. கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அக்குப்பியையே அருந்த வேண்டும், ஏனையவை நஞ்சு. விலை கொடுத்து வாங்கிய தந்தையார் இடையில் வீடு மாறியபோது கையேட்டை இழந்திருப்பாராயின், கள்வனைத் தடுக்க வைத்த நஞ்சு உரியவனையே கொல்லும். பிற்கால இறுவட்டு விளையாட்டுகளிலும் இவ்விடர் வேறு வடிவில் தொடர்ந்தது. ‘சேஃப்டிஸ்க்’ என்னும் காப்பு முறையை 2015ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10 ஏற்க மறுத்தமையால், நேர்மையாக வாங்கப்பட்ட வட்டுகள் பல ஒரே நாளிற் பயனற்றுப்போயின.

இத்தடைகளைக் கடக்க மூன்று வழிகள் உள்ளன. பழைய பொறியையே பேணிக் காத்தல் முதலாவது. அருங்காட்சியகங்கள் இதனைச் செய்கின்றன. 1962ஆம் ஆண்டில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் உருவான ‘ஸ்பேஸ்வோர்’ என்னும் விளையாட்டு, கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்திற் செப்பனிடப்பட்ட பழைய பி.டி.பி. ஒன்று என்னும் கணினியில் மீண்டும் ஆடிக் காட்டப்பட்டுள்ளது. ஆயின் பழைய பொறியின் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதடைவன. வீடுதோறும் அருங்காட்சியகம் அமைத்தல் இயலாது.

இரண்டாவது வழி, புதிய பொறிக்குள் பழைய பொறியை மென்பொருளாற் படைத்தல். எமுலேற்றர் எனப்படும் போலச்செய் செய்நிரல் இதனை ஆற்றுகின்றது. 2002ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியாகி, விலையின்றி எவருக்கும் கிடைக்கின்ற ‘டொஸ்பொக்ஸ்’ அவற்றுட் பெரிதும் பயன்படுவது. அது பழைய முறைவழியாக்கியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அதன் பொருளை அறிந்து, புதிய முறைவழியாக்கிக்குப் புரியும் செயலாக்கித் தருகின்றது. மொழிபெயர்ப்பாளனொருவன் அவையில் நின்று வரி வரியாகப் பெயர்த்துரைப்பதுபோன்ற பணி அது. அத்தோடு, இல்லாத ஒலித்தகட்டை இருப்பதாகக் காட்டி, விளையாட்டுக் கதவைத் தட்டும்போது பழைய முகவரியில் நின்று விடையளிக்கின்றது. இவ்விரட்டைப் பணியால் ஆற்றல் பெருமளவு விரயமாகும். இன்றைய பொறியின் மிகையான வேகம் அவ்விரயத்தைத் தாங்குகின்றது. தடையாயிருந்த வேகமே துணையாக மாறுவது ஈண்டு நோக்கத்தக்கது.

செய்முறை கடினமானதன்று. விளையாட்டின் கோப்புகளை மடிக்கணினியில் ஒரு கோப்புறையில் இட வேண்டும். டொஸ்பொக்ஸைத் திறந்து, ‘மவுண்ட்’ என்னும் கட்டளையால் அக்கோப்புறையை ‘சீ’ என்னும் வன்தட்டாகக் கருதுமாறு பணிக்க வேண்டும். பின் அத்தட்டுக்குச் சென்று விளையாட்டின் பெயரைத் தட்டினால், இளவரசன் நிலவறையில் விழுந்து எழுவான். ஆட்டம் விரைந்தால் ‘கொன்றோல்’ விசையோடு ‘எஃப் 11’ விசையை அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம்; மந்தமானால் ‘எஃப் 12’ விசையால் கூட்டலாம். மடிக்கணினிகள் பலவற்றில் அவ்விசைகள் ஒலியையோ திரையின் ஒளியையோ மாற்றும் வேறு பணிக்கு விடப்பட்டிருப்பதால், ‘எஃப் என்’ என்னும் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அமைப்புக் கோப்பில் உருவ வீதத்தைத் திருத்துமாறு குறித்துவிட்டால் இளவரசனின் குள்ளத்தன்மையும் நீங்கும். கையேடு இழந்தவர், ஆர்வலர்கள் படியெடுத்துப் பாதுகாக்கும் பழைய கையேடுகளிற் குப்பியின் எழுத்தைத் தேடிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, விளையாட்டின் மூலநிரலைக் கொண்டு அதனைப் புதிய பொறிக்கென மீண்டும் ஆக்குதல். மூலநிரல் என்பது செய்நிரலாளன் தன் கையால் எழுதியது. கணினி இயக்குவதோ அதினின்றும் ஆக்கப்பட்ட எண்களின் கோவை. மூலநிரல் கிடைத்தால் வேலை எளிதாகும். ‘டூம்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டு 1993ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்தது. அதன் மூலநிரலை ஆக்கியோரே 1997ஆம் ஆண்டு டிசெம்பரில் உலகுக்கு வழங்கினர். அதனால் அவ்விளையாட்டு அன்றுதொட்டு வந்த ஏறத்தாழ எல்லாப் பொறிகளிலும் குடியேறிவிட்டது.

இளவரசனின் மூலநிரலுக்கு நேர்ந்தது வேறு. மெக்னர் பின்னாளில் அதனைத் தேடியபோது அது கிடைக்கவில்லை. உலகெங்கும் விளையாடப்பட்ட ஒன்றின் கையெழுத்துப் படி, ஆக்கியவர் கையிலேயே இல்லாதுபோயிற்று. ஆண்டுகள் பல கழிந்தபின், 2012ஆம் ஆண்டில், அவருடைய தந்தையார் பழைய பொருள்கள் அடங்கிய பெட்டியொன்றைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அதற்குள் மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகள் இருந்தன; இளவரசனின் மூலநிரல் என்று அவற்றிற் குறிக்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் திறவாத வட்டுகள் அவை.

வட்டு கிடைத்ததே தவிர, எழுத்து கிடைத்ததா என்பது எவருக்கும் தெரியவில்லை. அவ்வட்டுகள் அப்பிள் கணினிக்கெனத் தனி முறையில் எழுதப்பட்டவை. கடையில் வாங்கும் யூ.எஸ்.பி. கருவி அவற்றைப் படிக்காது. ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் நலிந்த பூச்சு உரிந்துபோகலாம் என்னும் அச்சமும் இருந்தது. எண்ணிமப் பொருள்களைப் பாதுகாப்பதிற் பெயர்பெற்ற ஜேசன் ஸ்கொற் என்பவரும், அப்பிள் கணினிகளில் வல்லவரான ரொனி டயஸ் என்பவரும் 2012ஆம் ஆண்டு ஏப்பிரலில் மெக்னரின் இல்லத்துக்குப் பழைய பொறிகளுடன் சென்றனர். வட்டு வட்டாகப் பொறுமையோடு படித்தனர். எழுத்து உயிரோடிருந்தது. மெக்னர் அதனை யாவரும் காணுமாறு உடனே வெளியிட்டார். 1980களில் ஓர் இளைஞர் இரவு பகலாக எழுதிய வரிகளை இன்று உலகின் எம்மூலையிலுள்ள மாணவனும் படித்துப் பயிலலாம். டொஸ் பதிப்பையும் ஆர்வலர்கள் அணு அணுவாக ஆராய்ந்து, இன்றைய கணினிகளில் எமுலேற்றரின் துணையின்றியே ஓடுமாறு புதிதாக எழுதியுள்ளனர்.

எல்லா விளையாட்டுகளுக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. அமெரிக்காவின் ‘வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவகம்’ 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளுள் நூற்றுக்கு எண்பத்தேழு இன்று விற்பனையில் இல்லை எனக் கண்டது. நூலகங்கள் அவற்றைப் பாதுகாத்து, ஆராய்ச்சியாளர் தம் இல்லத்திலிருந்தே இயக்கிப் பார்க்க விடலாமா என்னும் கேள்வி அந்நாட்டுப் பதிப்புரிமைத் திணைக்களத்தின் முன் வந்தது. உரிமையாளரின் வணிகத்துக்கு ஊறு நேரலாம் என்னும் கருத்தை ஏற்று, 2024ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அத்திணைக்களம் அவ்வேண்டுகோளை மறுத்தது. ஆக்கியவனின் உரிமை காக்கப்பட வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆயினும் எவரும் விற்காத, எங்கும் வாங்கவியலாத பொருளை, அது அழியுமுன் காப்பவனையும் கள்வனையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாமோ என்பது சிந்தித்தற்குரியது. பழைய விளையாட்டுகளை உரிமையாளரின் இசைவோடு பெற்று, எமுலேற்றரையும் உடன்சேர்த்து, இன்றைய கணினியில் ஓடுமாறு விற்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. 2008ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் தொடங்கிய ‘கொக்’ என்னும் கடை இதற்கு எடுத்துக்காட்டு. இருசாராரும் பயன்பெறும் இவ்வழி விரிவடைதல் நன்று.

வெறும் விளையாட்டுக்காக இத்துணைப் பாடா என்று வினவுவோர் உளர். கூத்தும் பாட்டும்கூட ஒரு காலத்தில் வெறும் பொழுதுபோக்கு என்றே எண்ணப்பட்டன. ஒரு தலைமுறையினர் எதனைக் கண்டு வியந்தனர், எதில் தோற்று மீண்டும் முயன்றனர், எத்தகைய குறுகிய கருவியைக்கொண்டு எத்தகைய பெரிய கனவை வரைந்தனர் என்பவற்றை அறிய அவர்களின் விளையாட்டும் ஒரு சான்றாகும். திரைப்படத்தைப்போல் அதனைப் பார்த்து மட்டும் அறிய முடியாது. கால் தவறி முள்ளிற் பாய்ந்து, அறுபது நிமிடத்திற் சில வீணாயின என்று மனம் பதைத்தாலன்றி அதன் இயல்பு விளங்காது. இயங்காத விளையாட்டு, வாசிப்பாரற்ற யாழைப்போன்றது. வடிவம் உண்டு, இசையில்லை.

தந்தையாரும் மகளும் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கின்றனர். வட்டிலிருந்த கோப்புகள் பெயர்க்கப்பட்டுவிட்டன, வேகம் அடங்கிவிட்டது, படத்தின் வீதம் திருத்தப்பட்டுவிட்டது. மகளின் கண்ணுக்கு அப்படம் பெரும் புள்ளிகளாலான கரடுமுரடான சித்திரமாகவே தோன்றுகின்றது. அவள் பழகிய விளையாட்டுகளின் ஒளியும் நிறமும் இதிலில்லை. ஆயின் வெள்ளாடை அணிந்த சிற்றுருவம் நிலவறையின் நடைபாதையில் ஓடத் தொடங்கியதும் அவள் சிறிது முன்னே சாய்கின்றாள். “அப்பா, இவன் மெய்யாகவே ஓடுகின்றானே!” என்கின்றாள்.

அவள் கண்டது சரியே. அது 1985ஆம் ஆண்டில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில், தமையன் கேட்டுக்கொண்டதற்காக ஓடிய ஒரு சிறுவனின் ஓட்டம். ஓடிய சிறுவன் முதிர்ந்துவிட்டான்; அவ்வோட்டத்தை முதன்முதல் தாங்கிய கணினியின் உற்பத்தி 1993ஆம் ஆண்டில் நின்றுவிட்டது; அதனை வெளியிட்ட நிறுவனமும் வேறு கைக்கு மாறிவிட்டது. அவ்வோட்டம் மட்டும் இளமை மாறாது நிற்கின்றது. அது தானாக நிற்கவில்லை. பெட்டியை எறியாது வைத்த தந்தை ஒருவர், வட்டைப் பொறுமையோடு படித்த இருவர், ஊதியமின்றி எமுலேற்றரை எழுதிய பலர் ஆகியோரின் கைகள் அதனைத் தாங்கி நிற்கின்றன.

வீட்டின் பரணிலோ மேசையின் அடியிலோ பழைய வட்டுகளை வைத்திருப்போர், அவற்றிலிருப்பது விளையாட்டாயினும், கடிதமாயினும், மறைந்தவரின் குரலாயினும், அதனை இன்றே வேறோரிடத்திற் படியெடுத்து வைத்தல் கடன். தாளும் ஓலையும் நூறாண்டு பொறுத்திருக்கும்; காந்தம் அத்துணைப் பொறுமையுடையதன்று.